அரசிக்குத் தெரியாமல் எழுதிய கடிதங்கள்

இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு மாளிகையில் 'வானவில் ஓவியம்' இன்றும் இருக்கிறது. 1600ஐ ஒட்டி வரையப்பட்டது. அதில் முதலாம் எலிசபெத்தின் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அரசிக்கு அப்போது அறுபத்தைந்து வயது கடந்துவிட்டது. பொய்முடியும் பூச்சும் இல்லாத அவர் முகத்தை 1599 செப்டம்பரில் எசெக்ஸ் பிரபு பார்த்துவிட்டார். அயர்லாந்துப் போர்முனையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி, நேரே படுக்கையறைக்குள் நுழைந்ததன் பலன். 1601 பிப்ரவரியில் அவர் தலை வெட்டப்பட்டது. காரணம் அவர் செய்த கலகம், கண்ட காட்சி அல்ல.

முதுமையை மறைத்த பூச்சை மன்னித்துவிடலாம். வயதானவரை அழகி என்று புகழ்வதில் யாருக்கும் பெரிய கேடில்லை. ஆனால் அரசிக்கு முதுமை இல்லையென்றால் சாவும் இல்லை, சாவு இல்லையென்றால் வாரிசுப் பேச்சும் இல்லை என்று அரண்மனை நடந்துகொண்டதே, அதுதான் கேடு. அடுத்த வாரிசு இன்னார் என்று எழுதி வெளியிடுவதை 1571ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருந்தது.

எலிசபெத்தின் அச்சத்திலும் நியாயம் உண்டு. 1558இல் அக்காள் மேரி சாகக் கிடந்தபோது, பிரபுக்கள் தன்னைத் தேடி இதே ஹாட்ஃபீல்டுக்குத் திரண்டு வந்ததை அவர் மறந்திருக்க மாட்டார். வாரிசின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து சபை அங்கே போய்விடும்.

பெயரைச் சொல்லாமலும் போனது. எசெக்ஸ் மறைந்த சில மாதங்களிலேயே செயலர் ராபர்ட் செசில், ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸுக்கு ரகசியமாக எழுதத் தொடங்கினார். கடிதங்களில் பெயர்களுக்குப் பதில் எண்கள்: அரசி 24, மன்னர் 30, செசில் 10. இது துரோகமா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. 1603 மார்ச் 24 அன்று ரிச்மண்டில் அரசி இறந்தார்; ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் முடி கைமாறியது. உள்நாட்டுப் போருக்கு அஞ்சியிருந்த நாட்டுக்கு அது சிறிய கொடை அல்ல. அதே கடிதங்கள் செசிலின் பதவியையும் காத்தன. 1605இல் அவர் சாலிஸ்பரி பிரபுவானார். நாட்டு நலனும் தன் நலனும் இப்படி ஒரே பாதையில் போகும்போது, அவர் எதற்காக நடந்தார் என்று அவராலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே கடிதம் எழுதியதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. இடித்துரைக்க வேண்டிய இடத்தில் இருந்தவர், கேட்க வேண்டியதை அரசியின் முகத்துக்கு நேரே கேட்காமல் இருந்ததுதான் குற்றம். கேட்டவர் ஒருவர் இருந்தார். வாரிசை அறிவியுங்கள் என்று வற்புறுத்திய நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் வெண்ட்வொர்த் 1593இல் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். விடுதலை காணாமல் அங்கேயே இறந்தார். அவர் சிறைக்குப் போனபோது செசில் அரசியின் ஆலோசனைச் சபையில் ஏற்கெனவே உறுப்பினர்.