விதியும் தலைக்கவசமும்

ஆயுள் முன்னமே நிர்ணயிக்கப்பட்டதென்று நம்பும் ஒருவர், தம் புதல்வன் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கிய வேளையில், தலைக்கவசம் அணிவது தெய்வ சித்தத்தின்மேல் கொண்ட அவநம்பிக்கையன்றோ என்று வினவுவாராயின், அவ்வினாவை மூடத்தனமென்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சரீரம் அநித்தியம் என்பதை உணர்ந்த நெஞ்சிலிருந்தே அது எழுகிறது. ஆயினும், அதே சரீரத்தை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டு, அதைப் பேணுவதையும் சாதனையின் அங்கமாகக் கொண்டவர் திருமூலர்.

1935 மே மாதத்தில், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டபோது, அவரைப் பரிசோதித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் அதை விதியென்று விட்டுவிடவில்லை. பின்னாளில் அத்தகைய காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் வெளியிட்டார். அந்த உழைப்பையும் தெய்வ சித்தத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளலாகாதா? கொள்ளலாம் என்பதே என் துணிபு.

ஆகவே அத்தந்தை மகனுடன் கடைக்குச் செல்லட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாய், முகம் முழுவதையும் மூடுவதாய், அசைத்தால் கன்னத்துச் சதையும் உடன் அசையுமளவு இறுக்கமாய் உள்ள கவசத்தையே தேர்வாராக. உள்ளிருக்கும் தெர்மோகோல் தான் நசுங்கி அதிர்ச்சியை ஏற்பதால், ஒருமுறை பலமாக மோதிய கவசம், புறத்தே மாசற்றுத் தோன்றினும், தன்னை அர்ப்பணித்து முடிந்ததேயாகும். அதை மீண்டும் அணியலாகாது. வார்ப்பூட்டை மாட்டாமல் செல்வதோ அணியாததற்கு ஒப்பு. வீழ்கையில் முதலில் நிலத்தைத் தொடுவன கைகளாதலால், கையுறைக்கும் சிறிது பொருளை ஒதுக்கி வைப்பாராக.