எட்டுப் போட்டால் போதுமா?

இருசக்கர வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் பெற விழைவோர், தேர்வுக்கு முந்திய சில நாள்கள் விடியற்காலையில் ஏதேனும் ஒரு வெற்றுத் திடலில் எட்டுப் போட்டுப் பழகுவது நம் ஊர்களில் காணும் காட்சி. கால் ஊன்றக்கூடாது, வேகம் மிகுந்தால் வளைவு தவறும், குறைந்தால் வண்டி சாயும். சமநிலையைச் சோதிக்க நல்ல முறைதான். எனினும், அத்திடலில் எதிரே வருபவர் எவருமில்லை. மேயும் ஆடு ஒன்றிரண்டு இருந்தால் உண்டு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்ப் பழகுநர் உரிமம் 6 மாதங்கள் செல்லும். அதைப் பெற்று 30 நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு நிற்கலாம். பழகுவதற்கென்று தரப்பட்ட அந்நாள்களைப் பலரும் வீண் காத்திருப்பாகவே எண்ணுகின்றனர். இடைத்தரகர் பிழைப்பதும் இந்த எண்ணத்தால்தான்.

"எனக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். தேர்வுக்கு நிற்காமல் பணம் கொடுத்து உரிமம் வாங்கினால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்போர் உண்டு. இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. கேட்பவர் மெய்யாகவே திறமையாளராக இருக்கலாம். அவர் வண்டியால் வாழ்நாள் முழுதும் எவருக்கும் ஒரு கீறலும் நேராதிருக்கலாம். அப்படியாயின் பிழை எங்கே?

சாலையைக் கடக்க நிற்கும் முதியவள் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். வருகிறவர் யாரென அவள் அறியாள்; அவரைச் சோதித்துப் பார்க்க அவளுக்கு வழியுமில்லை. யாரோ ஒருவர் தனக்காகச் சோதித்திருப்பார் என்னும் நம்பிக்கையில்தான் அவள் அடியெடுத்து வைக்கிறாள். ஆய்வாளர் திடலில் நிற்பது அவள் சார்பாக. அவரை விலைக்கு வாங்கியவர், தம் வழக்கில் தாமே நீதிபதியாகி, அம்முதியவளிடம் பொய்ச் சான்று காட்டுகிறார். அவருக்குப் பின்னால் அதே தரகரிடம் வந்து நிற்பவனும் அதே உறுதியோடு, "எனக்கு ஓட்டத் தெரியும்" என்றே சொல்வான். இருவரையும் பிரித்தறிய இருந்த ஒரே வழி அடைபட்டுப் போயிற்று. கையூட்டு அரசுக்கும் தமக்கும் இடைப்பட்ட கணக்கு என்றே அவர் கருதுகிறார். முகமறியாதவளுக்கு இழைத்த தீங்காதலால் மனச்சான்று உறுத்துவதில்லை.

பழகுநர் உரிமத் தேர்வில், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை யாது என்பதும் கேட்கப்படும் பொருள்களுள் ஒன்று. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவேண்டும் என்பது சட்டம். மனப்பாடமாக ஒப்பித்தாலும் மதிப்பெண் உண்டு. நள்ளிரவில், ஆளரவமற்ற சாலையில் அவர் வண்டியை நிறுத்துவாரா என்பதை எந்த ஆய்வாளராலும் சோதிக்க இயலாதுதான். சோதிக்கக்கூடிய சிறு பகுதியையேனும் நேர்மையாகச் சோதிக்க விடலாமன்றோ? திடலில் கால் ஊன்றித் தேறாமற்போனவர் 7 நாள்கள் கழித்து மீண்டும் வரலாம்.