நுழையாதவர் மீது நுழைந்த குற்றம்

சென்னையிலிருந்து வடக்கே ஓடும் மின்சார இரயிலில் ஏறி, மீஞ்சூரையும் பொன்னேரியையும் கவரப்பேட்டையையும் கடந்து கும்மிடிப்பூண்டியில் இறங்குவோர், அவ்வூரில் வெளியூர்க்காரர் எனப்படும் இருவகை மக்களைக் காணலாம். ஒருவகையினர், சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். வந்து சில திங்களே ஆகியிருக்கும்; தமிழில் நாலு சொல் தெரிந்திருந்தால் அதிகம். எனினும் அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள். மற்றொரு வகையினர், அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்வோர். அவர்களது மொழி நம் மொழி. அவர்களுள் இளையோர் இங்கேயே பிறந்தார்கள். இங்கேயே அரிச்சுவடி பயின்றார்கள். இங்கேயே மணந்து, இங்கேயே பிள்ளை பெற்றார்கள். ஆயினும் சட்டத்தின் ஏட்டில் அவர்கள் அயலார்!

முதல்வகையினரிடமிருந்து எதையும் பறிக்கச் சொல்லவில்லை நாம். உழைக்க வந்தவனை, அவன் ஊரின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்யும் கெட்ட பழக்கம் நம் இளைஞர் சிலரிடம் இந்நாளில் தலைகாட்டுகிறது. அதை இங்கேயே கண்டித்துவிட்டு மேலே செல்கிறோம். நம் கேள்வி வேறு. எல்லையைக் கடந்தே வராத ஒருவனை எல்லை மீறியவனின் பட்டியலில் வைக்கப் பகுத்தறிவு இடந்தருகிறதா?

ஒரு குடும்பத்தை மனத்தில் வரைந்து பார்ப்போம். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்த கணவன், மனைவி. 1986ஆம் ஆண்டு அவர்களுக்கு ஒரு பெண் பிறக்கிறாள். 1988ஆம் ஆண்டு ஒரு மகன். ஒரே கூரை, ஒரே கஞ்சி, ஒரே பள்ளி. ஆனால் அக்காள் இந்தியக் குடிமகள், தம்பி அயலான்! ஏன்? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்தவர் இம்மண்ணின் குடி என்றது. 1986இல் அதைத் திருத்தினார்கள். 1987 ஜூலை முதல் நாளிலிருந்து பிறப்போரின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாக வேண்டும் என்றார்கள். 2003இல் மீண்டும் திருத்தினார்கள். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்கவேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்கவேண்டும் என்றாயிற்று. அத்துடன் விட்டார்களா? சட்டவிரோதக் குடியேறி எனப்பட்டவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழிகளையும் அடைத்தார்கள்.

யார் அந்தச் சட்டவிரோதக் குடியேறி? செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவர் என்கிறது சட்டம். குண்டு விழும் ஊரிலிருந்து ஓடி வந்தவன் எந்த அலுவலகத்தின் வாயிலில் நின்று கடவுச்சீட்டு வாங்கியிருப்பான்? அதைக்கூட விட்டுவிடுவோம். 'நுழைந்த' என்றொரு சொல் இருக்கிறதே, அதைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்த பிள்ளை எந்தக் கடலைத் தாண்டிற்று? எந்தச் சாவடியை ஏமாற்றிற்று? தாயின் வயிற்றிலிருந்து வெளிவருவதுதான் அது செய்த ஒரே பயணம். சட்டத்தின் சொற்படி அது குடியேறியும் அன்று; நடைமுறையில் குடிமகனும் அன்று. பெயர் சூட்ட வழியற்ற ஒரு வெற்றிடத்தில் அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு முன்னோடி எது தெரியுமா? கொழும்பு! 1948ஆம் ஆண்டு இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத் தமிழனைப் பார்த்து, நீ எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. உன் தந்தை எங்கே பிறந்தான், இல்லையேல் பாட்டனும் அவன் தந்தையும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. காட்டைத் திருத்தி மலையைப் பச்சையாக்கிய கூலி, பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்கள் நாடற்றவர்களாயினர். பின்பு 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கூடி அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். சந்தையில் மாட்டைப் பிரிப்போரும் அதன் வாயைப் பிடித்துப் பார்ப்பர். இங்கே எவரும் எவரையும் கேட்கவில்லை. அப்படிப் பிரிக்கப்பட்ட மலையக மக்களுள் பலர், இனக் கலவரங்களில் அடிபட்டு வடக்கே ஒதுங்கி, பிறகு ஏதிலிகளாய்த் தமிழகம் வந்து இன்றும் நம் முகாம்களில் இருக்கின்றனர்.

அன்று கொழும்பின் சட்டத்தைக் கொடுங்கோன்மை என்றோம். சரியாகத்தான் சொன்னோம். அதே அளவுகோலைத் தில்லி எடுத்தபோது, அதாவது பிறந்தவனை விட்டுவிட்டுப் பெற்றவனின் வரலாற்றைத் துருவியபோது, 1986இலும் 2003இலும் நம் மேடைகள் எத்தனை அதிர்ந்தன? நெஞ்சறியப் பொய் சொல்லலாகாது, தோழர்களே. தொப்புள்கொடி உறவு என்று முழங்கிய நாம், அந்த உறவின் பிள்ளைகளுடைய உரிமையை அறுத்த வாக்கியங்களைப் படிக்கத் தவறினோம்.

தந்தையின் நிலை மகனுக்கு. மகனின் நிலை பேரனுக்கு. எவ்வளவு படித்தாலும், எவ்வளவு ஒழுகினாலும், எத்தனை ஆண்டு உழைத்தாலும் மாறாத நிலை! இதற்கு நம் மொழியில் ஒரு பழைய பெயர் உண்டு. சாதி. சாதியை எதிர்த்தவர்கள் நாம். அது பிறரால் இழிவாகக் கருதப்படுகிறது என்பதற்காக மட்டும் எதிர்க்கவில்லை. செய்யாத செயலுக்குப் பிறப்பைக் காரணங்காட்டித் தண்டிப்பது அறிவுக்குப் பொருந்தாது என்பதனால் எதிர்த்தோம். மனுவின் பெயரால் வந்தால் எதிர்ப்போம், அரசிதழில் வந்தால் வாளாவிருப்போம் என்றால், நாம் எதிர்த்தது கொள்கையையா, நூலின் அட்டையையா?

ஓர் அரசுக்குத் தன் எல்லையைக் காக்கும் உரிமை இல்லையா என்று கேட்பர். உண்டு. யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என வரையறுக்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது வருவோரைப் பற்றிய உரிமை. இங்கேயே பிறந்தோரைப் பற்றியது அன்று. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகத்து ஏதிலியர்க்கெல்லாம் இடந்தர இந்தியா தருமசத்திரம் அன்று என்னும் பொருள்பட உச்சநீதிமன்ற நீதிபதி கூறினார். சத்திரம் என்பது இரவு தங்கி விடியலில் புறப்படும் இடம். நாற்பதாண்டுகள் ஒருவனைத் தங்கவைத்து, மாதந்தோறும் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணி, அவன் பேரப்பிள்ளையையும் எண்ணும் இடத்துக்குச் சத்திரம் என்ற பெயர் பொருந்தாதுதான்!

அவர்கள் வேண்டுவது ஒரு காகிதம்தானே என்று எளிதாய்ச் சொல்வாருமுண்டு. அரசியல் சட்டத்தின் 14ஆம், 21ஆம் பிரிவுகள் மனிதர் எவருக்கும் உரியவை. அயலாரின் உயிரையும் அரசு காத்தாக வேண்டும் என்று 1996இல் சக்மா மக்களின் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. நன்று. ஆனால் வாக்குச்சீட்டும் அரசுப் பணியும் கடவுச்சீட்டும் குடிமகனுக்கே உரியவை. ஆகவே, முகாமில் பட்டம் பெற்ற இளைஞன், தன் சான்றிதழைப் பெட்டியில் பூட்டிவிட்டு, கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறான். உயிர் வாழலாம், உயரக் கூடாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர்க்குக் கதவு திறந்தது. முசுலிமுக்கு இல்லை. ஈழத்திலிருந்து வந்தவன் இந்துவாயினும் இல்லை, கிறித்தவனாயினும் இல்லை. மதத்தைக் கேட்டதே பிழை. கேட்டபின்னும் அந்த விடைக்குத் தமிழனிடத்தில் மதிப்பில்லை என்றால், இதன் அளவுகோல்தான் என்ன? 2021 செப்டம்பர் 8 அன்று தமிழகச் சட்டமன்றம் அத்திருத்தத்தைத் திரும்பப்பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்டில், முகாம்களுக்கு 317 கோடி ரூபாயில் வீடும் கல்வியும் பிறவும் அறிவித்து, 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயரும் மாற்றியது தமிழக அரசு. ஒழுகாத கூரை சிறிய செய்தி அன்று. மழைநாளில் அங்கே சென்று பார்த்தவர் அறிவர். ஆனால் குடியுரிமையின் திறவுகோல் தில்லியில் இருக்கிறது.

அயலார் பற்றிய பழைய சட்டங்களை நீக்கி ஒரே சட்டமாக்கி, 2025 செப்டம்பர் முதல் நாள் தில்லி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடவுச்சீட்டின்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். உடனே வந்த விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரை அத்தண்டனையிலிருந்து விடுவித்தது. வரவேற்கிறோம். ஆயினும் இது குடியுரிமை அன்று. இத்தனை காலமும் தலைக்கு மேல் தொங்கிய வாளை உறையிலிட்டார்கள். உட்கார நாற்காலி தரவில்லை.

சட்டத்தின் ஏட்டிலேயே இருந்த உரிமைக்கும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் பிறந்ததனால் சட்டப்படியே குடிமகள். அவளுக்கே கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி, 2022 ஆகஸ்டில் அவள் வென்றாள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தபோது அவளுக்கு வயது 38. பதினெட்டில் கைக்கு வரவேண்டிய வாக்கு அது!

ஊர் திரும்ப விரும்புவோர் இருக்கிறார்கள். போர் 2009இல் முடிந்தது, போகட்டும், வழியனுப்புவோம். ஆனால் போ என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அதுவும், பார்த்திராத ஊருக்குத் திரும்பு என்று இங்கே பிறந்தவனிடம் சொல்வது தமிழ்ச் சொல்லையே கொலை செய்வது. சென்றிராத இடத்துக்கு எவனும் திரும்ப முடியாது.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற்போனபோது, சிலநூறு பேர் மீண்டும் தனுஷ்கோடி மணலில் வந்திறங்கினார்கள். மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்கள் வந்த நாள் 2015 சனவரி 9க்குப் பிந்தியது. ஆகவே அந்த விலக்கு அவர்களுக்கு இல்லை. அங்கே இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.