உடையவர் யார்?

'உடைமை' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். இது என் நிலம், இது என் கடை, இது என் நூல் என்கிறோம். அப்படிச் சொல்லும்போது, அப்பொருளை நாம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறோமா? அன்றி, அதன் நலத்துக்கு நாம் பொறுப்பாளி என்கிறோமா? இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆராய்ந்தால் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்பவை.

அரபு மொழியில் 'மாலிக்' என்றால் உடையவர். 'மலிக்' என்றால் அரசர். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஒரு நெடில் குறுகினால் உடையவர் அரசராகி விடுகிறார்! தமிழிலும் 'உடையார்' என்பது பொருளுடையாரையும் குறித்தது. நாடாண்டாரின் பட்டமாகவும் நின்றது. இரு மொழிகளும் தொலைவில் இருந்துகொண்டே மனித மனத்தின் ஒரே சாய்வைக் கண்டிருக்கின்றன. அதே அரபில் 'அமீன்' என்ற சொல்லும் உண்டு. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர் என்பது அதன் பொருள். நம் இல்லங்களில் வழங்கும் 'அமானிதம்' அவ்வேரினதே. அமானிதப் பொருள் நம் கையில் இருக்கும். அதைச் செலவிட நமக்கு உரிமை இராது.

ஒருவர் ஒரே பொருளுக்குச் சட்டத்தால் மாலிக்காகவும், அறத்தால் அமீனாகவும் இருக்க இயலுமா? இக்கேள்வியை வெறுஞ்சொல்லால் ஆராய்வதைவிட, நிகழ்ந்த ஒன்றை வைத்து ஆராய்வது நலம். இங்கிலாந்தின் கடற்கரை நகரொன்றின் கால்பந்துக் கழகத்துக்கும் அதன் ஆதரவாளர்களுக்கும் நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். பந்து விளையாட்டில் என்ன தத்துவம் என்று வாசகர் எண்ண வேண்டா. மனிதர் எதை நேசிக்கிறார்களோ, அங்கெல்லாம் நீதியின் கேள்வியும் எழும்.

பிளாக்பூல் என்பது லங்காஷயர் கரையில் உள்ள ஊர். ஒரு காலத்தில் வடபுலத்து ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு திரண்ட கடற்கரை அது. அங்கு 1887-இல் தோன்றிய கழகம் ஆரஞ்சு நிறச் சட்டையால் அறியப்படுவது. 1953-இல் கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், 38 வயதான ஸ்டான்லி மாத்யூஸ் முன்னின்று ஆட, 3-1 எனப் பின்தங்கியிருந்த பிளாக்பூல் மீண்டெழுந்து போல்ட்டன் அணியை 4-3 என வென்றது. 1971-இல் முதல் தரத்திலிருந்து இறங்கிய அக்கழகம், 39 ஆண்டுகளுக்குப் பின் 2010-இல் பிரீமியர் லீக் எனப்படும் உச்ச வரிசைக்கு உயர்ந்தது. சிற்றூர்க் கழகம் பெருநகரக் கழகங்களோடு சமமாக நின்ற அந்த ஆண்டு, அவ்வூராருக்குப் பெருநாளாகவே இருந்தது.

கழகத்தை 1980-களின் இறுதியில் ஓவன் ஆய்ஸ்டன் என்னும் தொழிலதிபர் கையேற்றிருந்தார். 1999 முதல் அவர் மகன் கார்ல் தலைவராக இருந்தார். 2006-இல் லாட்வியா நாட்டு வணிகர் வலேரி பெலோகொன் முதலிட்டு 20 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்றார். உச்ச வரிசையில் கழகம் இருந்தது ஓராண்டே. ஆயினும் தொலைக்காட்சி உரிமையால் வந்த வருவாய், அதுவரை அக்கழகம் கண்டிராதது. அவ்வருவாயில் 1 கோடியே 10 இலட்சம் பவுன், ஓவன் ஆய்ஸ்டனின் நிறுவனம் ஒன்றுக்கு ஊதியம் என்ற பெயரில் சென்றது. வேறு தொகைகளும் குடும்ப நிறுவனங்களுக்குச் சென்றன. அணியோ மெலிந்தது. 2014 கோடையில், புதிய பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்க, ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் ஒரு முழு அணிக்கும் போதவில்லை. அப்பருவத்தில் 46 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று 2015-இல் ஒரு படி இறங்கியது. 2016-இல் மேலும் ஒரு படி இறங்கி, நான்காம் தரத்தில் வந்து நின்றது.

ஆதரவாளர்கள் முதலில் கேட்டார்கள், பின்பு முழங்கினார்கள். 2015 மே மாதம், ஹடர்ஸ்ஃபீல்டு அணியோடு நடந்த பருவத்தின் இறுதி ஆட்டத்தில், அவர்கள் ஆடுகளத்தில் இறங்கி நடுவட்டத்தில் அமர்ந்துவிட்டார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது. தம்மை அவதூறு செய்ததாக ஆதரவாளர்கள் சிலர்மீது உரிமையாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி இந்த உரிமையாளருக்கு ஒரு காசும் தருவதில்லை, அவர் போகும்வரை நம் திடலுக்குள் கால் வைப்பதில்லை. 2017-இல் அணி வெம்பிளி திடலில் எக்ஸிட்டரை வென்று மேல்தரத்துக்கு உயர்ந்தபோதும், அவர்களுள் பலர் அங்குச் செல்லவில்லை. வெற்றிக்காக ஏங்கியவர்கள், வெற்றி வந்த நாளில் வீட்டில் இருந்தார்கள்.

இதன் நியாயத்தை எடைபோடுவோம். முதலில் உரிமையாளர் பக்கம் நின்று சொல்லத்தக்கதைச் சொல்லிவிடுவதே முறை. கழகம் ஒரு நிறுவனம். பங்குகளை விலைக்கு வாங்கியவர் அவர். அவர் கையேற்ற காலத்தில் கழகம் மூன்றாம் தரத்தில் கிடந்தது. அங்கிருந்து உச்சிக்குச் சென்றதும் அவர் காலத்திலேயே. பெருங்கடன் வாங்கி அழிந்த கழகங்கள் பல இருக்க, சிக்கனம் பேணுவது குற்றமாகுமா? நட்டத்துக்கு அஞ்சாது முதலிட்டவர் இலாபத்தைக் கண்டபோது எடுத்துக்கொண்டால் அதில் பிறர்க்கு என்ன? பிடிக்காதவர், பிடித்த வேறு கழகத்தைப் பார்க்கட்டுமே. பண்டம் சரியில்லையெனில் அடுத்த கடைக்குப் போவதில்லையா?

இவ்வாதத்தின் வலிமையும் குறையும் அந்தக் கடை உவமையிலேயே இருக்கின்றன. கடைக்காரர் நம்மிடம் சிறுமை செய்தால், நம் காசு அவரை விட்டு அகன்று பிறரிடம் போகும். அந்த அச்சம் அவரை நேர்மையில் நிறுத்தும். ஆனால் கழகத்தின் ஆதரவாளர் அடுத்த கழகத்துக்குப் போகமாட்டார். அவர் தந்தை அழைத்துச் சென்ற திடல் அது. அவர் ஊரின் பெயர் தாங்கிய சட்டை அது. வாணிகத்தில் வாடிக்கையாளரைக் காக்கும் கேடயம் எதுவோ, அது அன்பினால் அவர் கையிலிருந்து நழுவிவிடுகிறது. போகமாட்டார் என்று தெரிந்த ஒருவரிடம் வாணிகம் செய்பவர், வாணிகனுக்குரிய கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டவர். அவரைக் கட்டுப்படுத்த எஞ்சியிருப்பது மனச்சான்று ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. அவர் விலை கொடுத்து வாங்கியது எதை? நிலமும் கட்டடமும் பங்குப் பத்திரங்களும் விலைக்கு வந்தன. ஆனால் 1953-இன் நினைவையும், மூன்று தலைமுறையின் விசுவாசத்தையும் விற்க எவருக்கும் உரிமை இருந்ததில்லை. அவை விலைப்பத்திரத்தில் எழுதப்படவுமில்லை. எனினும், தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டியது அந்த விசுவாசம் இருக்கிறது என்பதற்காகவே. காலி இருக்கைகளின் முன் நடக்கும் ஆட்டத்துக்கு அவ்வளவு விலை ஏது? ஆகவே உரிமையாளர் கையிலிருந்தவற்றுள் ஒரு பகுதி அவர் வாங்கியது. ஒரு பகுதி அவரை நம்பி ஊரார் விட்டுவைத்தது. பின்னதற்கு அவர் அமீன்தான்.

அடுத்த கேள்வி இதனினும் கடினமானது. அன்பு செய்யும் ஒன்றைக் கைவிட்டா அதைக் காப்பது? திடலுக்குத் தொடர்ந்து சென்றவர்களும் இருந்தார்கள். உரிமையாளர் இன்று இருப்பார், நாளை போவார். சட்டை அணிந்து ஓடும் இளைஞன் என்ன குற்றம் செய்தான் என்று அவர்கள் கேட்டார்கள். செல்லாதவர்களோ, நாம் கொடுக்கும் ஒவ்வொரு காசும் அந்தக் கதவுக்கு இன்னொரு பூட்டு என்றார்கள். இருசாராரும் ஒருவரையொருவர் துரோகி என எண்ணும் நிலையும் வந்தது. நம் கருத்தில் இருசாராரிடமும் அன்பு இருந்தது. ஆயினும் கனமான சுமையைச் சுமந்தவர்கள் வெளியே நின்றவர்களே. அணியைத் தண்டிப்பது அவர்கள் நோக்கமன்று. தம் வருகையே சம்மதமாகக் கணக்கிடப்படும் இடத்தில், வராமை ஒன்றே அவர்களுக்கு மறுப்பைச் சொல்லும் மொழியாக இருந்தது. தமக்கு இனியதை இழந்து செய்த மறுப்பாகையால், அதில் தன்னலம் கலந்ததென்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் எல்லாச் செயலையும் இத்தராசில் ஏற்றிவிட முடியாது. ஆடுகளத்தில் அமர்ந்து ஆட்டத்தை நிறுத்தியபோது, காசு கொடுத்து வந்த ஹடர்ஸ்ஃபீல்டு மக்களின் நாளும் கெட்டது. அவர்கள் இவ்வழக்கில் எத்தரப்பும் அல்லர். உரிமையாளரின் செயலைக் கண்டிப்பது வேறு. அவர் குடும்பத்தாரை இழிமொழியால் ஏசுவது வேறு. வழக்குக்குள்ளான எழுத்துகளுள் சிலவற்றுக்காக ஆதரவாளர்கள் இழப்பீடு தரவும் நேர்ந்தது. அநீதிக்கு உள்ளானவருக்கு நியாயம் பேச உரிமை உண்டு. வாய்க்கு வந்ததைப் பேச அவருக்கும் உரிமை இல்லை.

முடிவு எவ்வாறு வந்தது? 2017 நவம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம், ஆய்ஸ்டன் குடும்பத்தார் கழகத்தின் பொருளை முறையற்று உரித்தெடுத்தனர் எனத் தீர்ப்பளித்து, பெலோகொனின் பங்குகளை 3 கோடியே 12 இலட்சத்து 70 ஆயிரம் பவுனுக்கு வாங்கிக்கொள்ள ஆணையிட்டது. தொகை முழுதும் செலுத்தப்படாமையால் 2019 பிப்ரவரியில் கழகத்தை நிர்வகிக்க நீதிமன்றப் பொறுப்பாளர் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு ஜூனில், அவ்வூரிலேயே பிறந்த சைமன் சாட்லர் கழகத்தை வாங்கினார்.

இதில் நாம் நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. நீதிமன்றம் கேட்டது யாருடைய முறையீட்டை? 20 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்த ஒரு செல்வரின் முறையீட்டை. ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்ற ஆயிரவருக்கு அந்த மன்றத்தில் நாற்காலி இல்லை. அவர்கள் பங்குதாரர் அல்லர். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் இழந்தது எதுவுமில்லை. ஒரு பங்காளிக்கு இழைத்த தீங்கின் வழியாகத்தான் அவர்களுக்கு விடுதலை வந்தது. அந்தப் பங்காளி இல்லாதிருந்தால்? சட்டம் மாலிக்கை அறியும். அமானிதத்தை ஒப்படைத்தவரை அறியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அப்படியானால் புறக்கணிப்பு வீணோ? 2019 மார்ச் 9-ஆம் நாள் சவுத்எண்டு அணியோடு ஆட்டம். பொறுப்பாளர் வந்தபின் ஆதரவாளர்கள் தம் திடலுக்குத் திரும்பிய முதல் நாள் அது. சில ஆயிரம் பேரே வந்துகொண்டிருந்த இடத்தில் 15,000-க்கும் மேற்பட்டோர் நிறைந்தார்கள். ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. அன்று அழுதவர்கள் ஆட்டத்துக்காக அழவில்லை. திருப்பித் தரவேண்டிய பொருள் உரியவர் கைக்கு வந்தது போன்ற நாள் அது. வாங்கியவர் மீட்டது பங்குகளை. வெளியே நின்றவர்கள் காத்து வைத்திருந்தது, அப்பங்குகளுக்குப் பொருள் தரும் ஊரின் அன்பை.

எல்லாக் கழகங்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. 1885-இல் தோன்றிய பரி கழகம், ஒரு பவுனுக்குக் கைமாறி, அதே 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. இத்தகைய கேடுகளைக் கண்டபின், 2025-இல் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனிக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றுக்கு வழி செய்தது. கழகம் வாங்க வருபவரின் தகுதியை ஆராய்வதும், திடலை விற்கவோ சின்னத்தை மாற்றவோ எண்ணும் உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதும் அதன் பணிகள். ஜெர்மனியில் சில விலக்குகள் தவிர, வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்டது உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி நெடுநாளாக உண்டு. சட்டம் மெல்ல மெல்ல அமானிதத்தின் மொழியைக் கற்கிறது எனலாம்.

ஆயினும் சட்டம் எட்டுவது ஓரளவே. நம் ஒவ்வொருவர் கையிலும் நாம் உண்டாக்காத ஏதோவொன்று இருக்கிறது: ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஒரு நற்பெயர், முன்னோர் நட்ட மரம். பத்திரத்தில் நம் பெயர் இருக்கலாம். நமக்கு முன் அதற்காக உழைத்தவர் பெயரும், நமக்குப் பின் அதை எதிர்நோக்கி நிற்பவர் பெயரும் அதில் எழுதப்படவில்லை. அப்பெயர்களையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவரே, உடையவர் என்ற சொல்லுக்கு உரியவர்.