பெயரும் வலியும்

நோயைக் கண்டு, காரணத்தையும் கண்ட பிறகே தணிக்கும் வழிக்கு வருகிறார் வள்ளுவர். என் 13 வயது நாயின் வயிற்றில் இந்த வரிசை தலைகீழாகிறது. மாதக்கணக்கில் பேதி, எடை இறங்குகிறது. மலத்தில் புழு இல்லை. ரத்தச் சோதனையில் சிறுநீரகத்திலோ ஈரலிலோ குறை தெரியவில்லை. இனிச் செய்யக்கூடியது, இதுவரை அது தின்றிராத புரதம் ஒன்றை மட்டும் கொடுத்து இரண்டு வாரம் காத்திருப்பது. தேறினால், உணவுக்கு இணங்கிய குடல்நோய். தேறாமல் பிறகு ஸ்டீராய்டில் தேறினால் வேறொரு பெயர். காரணம் எந்தப் பெயரிலும் இல்லை. பலித்த சிகிச்சையே நோய்க்குப் பெயராகிறது. (விமர்சனத்திலும் நாம் இப்படித்தான் பெயரிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.)

மயக்கம் கொடுத்து, குழாய் செலுத்தி, குடற்சதையைக் கிள்ளிப் பார்க்கலாம்தான். அழற்சி தெரியும், புற்றானால் அதுவும் தெரியக்கூடும். எந்தச் சிகிச்சைக்கு இணங்கும் என்பது பெரும்பாலும் தெரியாது. பெயரில்லாமல் தவிப்பது நான், நாயல்ல. அதற்கு இருப்பது வலி மட்டும். சம்மதம் கேட்க முடியாத ஓர் உடலில் என் அறியும் ஆசையை 'அதன் நன்மை' என்று அழைக்கத் தயங்குகிறேன். ஆனால் செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சுகிறவனும் இதே தயக்கத்தைக் கருணை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே என்னிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: புற்று என்று தெரிந்தால் நான் செய்யப்போவது மாறுமா? மாறுமென்றால் குழாய்க்குச் சம்மதிப்பேன். இரண்டு வாரத்தில் இன்னும் ஐந்து நாள் பாக்கியிருக்கிறது.