வினையென்னும் பழிச்சொல்



இராசகிருகத்து வேணுவனத்தில் மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் பகவன் புத்தரை அணுகி, மாந்தர் நுகரும் இன்பதுன்பங்கள் யாவும் பழவினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, இதுபற்றித் தங்கள் கருத்து யாது என வினவினான். பகவன் அளித்த விடை சங்யுத்த நிகாயத்தில் உள்ளது. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், பொருந்தா நடை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அவர் எடுத்துரைத்தார். எல்லாம் பழவினையே என்போர், கண்கூடாக அறியக்கூடியதையும் உலகம் ஒப்பியதையும் மீறிப் பேசுகின்றனர் என்றும் தெளிவுறுத்தினார். ஆதலின், எட்டனுள் ஒன்றை எடுத்து அதனையே எட்டுமாக்குதல் தம்மமன்று.

இதனை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், ஆட்டிசம் என்னும் நிலை பிள்ளைக்கு உண்டோ என்று அஞ்சித் துயருறும் பெற்றோர் உளர். பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புவதில்லை. முகம் நோக்குவதில்லை. வேண்டியதை விரலால் சுட்டாமல் தாயின் கையைப் பற்றி இழுக்கிறது. விளையாட்டு வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கிறது. உறவினரோ, "ஆண்பிள்ளை தாமதித்தே பேசும்" என்பர். "வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பிள்ளை குழம்பிற்று" என்பர். இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. இவ்வாறு ஆறுதல் கூறியே காலம் கடத்திவிட்டு, இறுதியில், "பெற்றவள் முற்பிறப்பில் செய்த பாவம்" என்று முடிப்பர்.

சகோதரர்களே, இச்சொல்லை நாம் முன்னரே கேட்டதில்லையா? நம் பாட்டன் பூட்டன்மாரைச் சேரிக்கு ஒதுக்கியவர்கள் அதற்குச் சொன்ன காரணமும் இதுவேயன்றோ? பிறப்பிலேயே தண்டனை பெற்றவர்கள் என்று நம்மை இழித்த கொள்கையைப் பாபாசாகேப் அம்பேத்கர் தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் ஆராய்ந்து மறுத்தார். 1956-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றித் தம்மத்தைத் தழுவினர். அவ்வழி வந்த நாம், வாசல் வழியே வெளியேற்றிய அச்சொல்லைத் தொட்டிலின் வழியே மீண்டும் உள்ளே விடலாமா?

பழியைத் தாயின்மேல் ஏற்றும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். பின்னர் அங்கும் பலர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்றனர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் நூல் எழுதி அதனை மறுத்தார். மூளையின் வளர்ச்சியில் உண்டாகும் வேறுபாடே இது என்பதும், மரபுக்கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதும் இன்று தெளிந்த உண்மைகள்.

இனி, பரிசோதனை என்பது யாது? மருத்துவர் தாயிடம் பேறுகாலம் முதல் நிகழ்ந்தவற்றைக் கேட்பார். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பர். அது விளையாடும் விதத்தைக் கவனிப்பர். ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் வகுத்த அளவுகோலில் நாற்பது கூறுகள் உள்ளன. அனைத்து வளர்ச்சிப் பின்னடைவையும் தொடக்கத்திலேயே கண்டறிய இதே திருவனந்தபுரத்தில் குழந்தை வளர்ச்சி மையம் ஓர் அட்டவணை வகுத்து, 1991-இல் அது வெளியாயிற்று. இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்குப் பதினேழு செயல்களை அதில் பார்க்கின்றனர். சில நிமிடங்களே ஆகும். அது ஆட்டிசத்தை முடிவுசெய்யும் சோதனையன்று. மேலும் ஆராய வேண்டுமா என அறிவிப்பது. 1997-இல் நிறுவப்பெற்ற தேசியப் பேச்சு, செவிப்புலன் நிலையமும் இந்நகரின் ஆக்குளத்தில் உள்ளது.

பஞ்சாலையில் நூலின் நம்பர் பார்ப்பார்கள். அது நூலை இகழ்வதற்கன்று. எந்நூல் எத்துணிக்கு ஏற்றது என அறிவதற்கே. பரிசோதனையும் அத்தகையதே. அது தீர்ப்பன்று, உள்ளதை உள்ளவாறு காண்பது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற இருபத்தொரு குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. கல்வியும் உதவியும் உரிமையாகக் கேட்கச் சான்று வேண்டும். சான்றுக்குப் பரிசோதனை வேண்டும்.

சூளபந்தகரை நினைமின். நான்கு திங்களாகியும் ஒரு பாட்டை மனனம் செய்ய இயலாத அவரைத் தமையனாரே விகாரத்தைவிட்டுப் போகச் சொன்னார். அழுது நின்றவரைப் பகவன் அழைத்து, தூய துணியொன்றைக் கையில் அளித்து, அழுக்கு நீங்குக என்று சொல்லியவாறே அதனைத் தேய்க்கச் செய்தார். துணி மாசுறக் கண்டு, நிலையாமையை உணர்ந்து அவர் அருகரானார். அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் கூறவில்லை. எல்லார்க்கும் வகுத்த வழி ஒருவர்க்குப் பொருந்தாதபோது, அவர்க்குப் பொருந்தும் வழியைத் தேடிக் கொடுத்தார் நம் ஆசான் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

ஆதலின், தாய்மார்களே, ஐயம் தோன்றிய அன்றே பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். தந்தைமார்களே, ஒரு நாள் கூலி போயினும் உடன் செல்லுங்கள். அவளைத் தனியே வரிசையில் நிறுத்தாதீர். உறவினரே, அறிவுரை கூறாது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தனைக் கூட்டத்தில் அப்பிள்ளை எழுந்து ஓடினாலும் கூவினாலும் எவரும் முகம் சுளியாதீர். பஞ்சசீலம் ஓதும் குரலினிடையே அக்குரலும் ஒலிக்கட்டும்.

எல்லா உயிர்களும் நலமுறுக!

புத்தம் சரணம் கச்சாமி. தம்மம் சரணம் கச்சாமி. சங்கம் சரணம் கச்சாமி.