குழந்தையின் பசி காத்திராது



ஜெப ஆலயத் தலைவன் ஒருவனுடைய பன்னிரண்டு வயதுக் குமாரத்தி மரித்துப் போனாள். நமதாண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். வீட்டார் பிரமித்து நின்ற அந்த நேரத்தில், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி கட்டளையிட்டார் என்று அர்ச். மாற்கு எழுதிவைத்திருக்கிறார். உயிரைத் தந்தவரால் உணவைத் தர முடியாதா? முடியும். ஆனாலும் அந்த வேலையை வீட்டார் கையில் விட்டார். இன்றும் அப்படியே விட்டிருக்கிறார்.

அந்த வேலைக்கு ஒரு காலம் உண்டு. பிறந்த சிசுவின் மூளை, வளர்ந்த மனிதனுடைய மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். இரண்டு வயதில் அது முக்கால் பங்கு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. கர்ப்ப காலத்திலும் இந்த இரண்டு வருஷங்களிலும் புரதம், இரும்புச்சத்து, அயோடின் ஆகியவை குறைந்தால், அஸ்திவாரத்தில் கல் குறைந்த வீடு போலாகும். பிற்பாடு சுவரை எவ்வளவு பூசினாலும் அந்தக் குறை முழுதும் தீர்வது அரிது.

அத்தாட்சி வேண்டுமா? மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா தேசத்தைப் பாருங்கள். 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு ஏழைக் கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இரண்டு கிராமங்களில் மாவும் பால்பொடியும் சேர்ந்த சத்துக் கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம் கொடுத்தார்கள். வைத்திய உதவி நான்குக்கும் உண்டு. அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு, 2002 முதல் 2004 வரை, அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். சிறு வயதில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் வாசித்துப் புரிந்துகொள்வதில் மேம்பட்டிருந்தார்கள். முதல் இரண்டு வயதில் அதைக் குடித்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவிகிதம் அதிகமாயிருந்தது. மூன்று வயதுக்குப் பிறகே குடித்தவர்களிடமோ அந்தக் கூலி உயர்வு காணப்படவில்லை. கஞ்சி ஒன்றுதான், குடித்த காலம் வேறு.

ஆகையால் பெற்றோர்களே, மாமியார்மார்களே, ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார்? கர்ப்பவதியான மருமகள்தானோ? பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமென்று சொல்லி அவள் சோற்றைக் குறைக்காதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு குழையப் பிசைந்த பருப்புச்சோறு, கீரை, முட்டை என்று சிறிது சிறிதாய்க் கொடுங்கள். அங்கன்வாடியில் தாய்க்கும் குழந்தைக்கும் தருகிற சத்துமாவை வீடு முழுவதும் பங்கிட்டு உண்டால், நாம் குழந்தையின் பங்கிலே கை வைத்தவர்களாவோம்.

படிப்பில் பின்தங்கும் பிள்ளையை மக்கு என்று குட்டுகிறவர்களும் நம்மில் உண்டு. தொட்டிலில் அது பட்ட பசியை யார் அறிவார்? அதைத் திட்டாமல், வயிறாரச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாய்ச் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் தெருவிலும் கைக்குழந்தையோடு வறுமைப்படுகிற தாய் ஒருத்தி இருக்கலாம். பூசை முடிந்து வீடு திரும்பும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாமென்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே நாலு முட்டையோ ஒரு படி பயறோ அவள் வீட்டுக்குப் போகட்டும். ஆமென்.